அலையுள்ள கரையும் அலையில்லாத கரையும்

வாடகைக் கார் ஓட்டுகிறவனிடம் பெட்ரோலுக்கு முன்னால் தீர்ந்துபோகிற சரக்கு ஒன்று உண்டு: "எங்க போலாம், நீரே சொல்லும்" என்ற கேள்விக்குப் பதில்.

நான் நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் கார் போட்டிருந்தது திருவிதாங்கூர் மகாராஜா ஆட்சியில், முப்பதுகளின் தொடக்கத்தில். துணிக் கூரை, ரப்பர் ஹாரன், முன்னால் கம்பியைப் போட்டுச் சுற்றினால் பெருமூச்சு விட்டுக்கொண்டு கிளம்புகிற எஞ்சின். மற்ற நாட்களில் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடும். அறுப்பு முடிந்து நாலு காசு கையில் நிற்கும்போதுதான் அதிகமாகக் குடும்பங்கள் வரும். குளக்கரையா, காயலா, அலை அடிக்கிற கடலா என்று காருக்குள்ளேயே வழக்கு நடக்கும். குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போய்வந்த எல்லாருக்கும் இந்த வழக்கு தெரியும். நீங்கள் பின் சீட்டில் இருந்து கேட்டிருப்பீர்கள். நான் முன் சீட்டில் இருந்து கேட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

உப்புப் போட்ட குளம்

தேரூர்ப் பக்கம் வயல்காரர் ஒருவர், பரமசிவம் பிள்ளை. கும்பப்பூ அறுப்பு முடிந்ததும் மனைவியையும் பிள்ளைகளையும் கடல் பார்க்கக் கூட்டிப்போக வந்தார். அந்த அம்மாள் கடலிலிருந்து ஏழெட்டு மைலில் பிறந்து, அதைவிடக் கிட்ட வாழ்க்கைப்பட்டு, அதுவரை கடல் பார்த்ததில்லை. பிள்ளைவாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "கடலாத்தான் இருக்கணும். ஆனா அலை இருக்கப்பிடாது. பிள்ளையள் தண்ணியில சாடிரும்" என்றார். நான் யோசித்து அஞ்சுகிராமம் வழியாக வட்டக்கோட்டைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன். அன்றைக்கு அங்கே கடல் பாலை ஆற்றி வைத்ததுபோல் அசையாமல் கிடந்தது. கோட்டைச் சுவரின் நிழல் தண்ணீரில் விழுந்து கலையாமல் நின்றது. பிள்ளைவாளுக்குப் பரம திருப்தி. அந்த அம்மாள் குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம குளந்தான். கொஞ்சம் உப்புப் போட்டிருக்கு" என்றாள்.

அதற்கு மேல் பிள்ளைவாளால் அங்கே நிற்க முடியவில்லை; அலையுள்ள கரைக்கே விடச் சொன்னார். காரைத் திருப்பிக் கன்னியாகுமரிக்கு மேற்கே விட்டேன். அங்கே அலை ஆளுயரத்துக்கு எழுந்து, வெயிலைக் குடித்துப் பச்சையாகி, அப்புறம் உடைந்தது. அந்த அம்மாள் பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள். கண்ணை இமைத்ததாகவே எனக்குத் தெரியவில்லை. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, "போதும், ஏறி வா" என்று கத்திக்கொண்டிருந்த பிள்ளைவாள் கடைசியில் கூப்பிடவென்று இறங்கிப் போனார். போன வேகத்தில் ஓர் அலை அவரை உட்காரவைத்து, தோளில் கிடந்த பட்டுக்கரை நேரியலை உருவிக்கொண்டு போய்விட்டது. நனைந்த மனுஷன் தன் பாட்டுக்குச் சிரிக்க ஆரம்பித்தார். பிள்ளைகள் அப்பா சிரிப்பதை அதிசயமாகப் பார்த்தன. அலைமேல் மிதந்து போகிற நேரியலைப் பார்த்துக்கொண்டே அந்த அம்மாள் சொன்னாள்:

"போனா போட்டும். கடலும் ஒரு நாளு நேரியல் போட்டுப் பாக்கட்டும்."

இரண்டு சகலைகள்

அக்காள் தங்கை இருவரும் தங்கள் புருஷன்மாரோடும் பிள்ளைகளோடும் ஒரே காரில் ஏறினார்கள். மூத்தவள் புருஷன் கோர்ட்டு குமஸ்தா. அவருக்கு முட்டத்து அலை வேண்டும். இளையவள் புருஷன் ஜவுளிக்கடைக்காரர். அவருக்குப் பேச்சிப்பாறை அணை வேண்டும். "அலையப் பாத்தா எனக்குத் தலை சுத்தும்" என்றார் இவர். "கெட்டிக் கிடக்க தண்ணியப் பாக்கதுக்கு காரு என்னத்துக்கு?" என்றார் அவர். பாதை இரண்டாகப் பிரிகிற இடம் வரை இதே பேச்சு. எந்தப் பக்கம் திருப்ப என்று நான் கேட்ட நேரத்தில் எஞ்சின் தலையிலிருந்து ஆவி சீறியது. வண்டி நின்றுவிட்டது.

இரு பக்கமும் கதிருக்குப் பொதி தள்ளிய பச்சை நெல். பக்கத்தில் ஒரு வாய்க்கால், பூவரச மரம். பெண்கள் ஜமக்காளத்தை விரித்து, புளிச்சோற்றையும் முந்திரிக்கொத்தையும் எடுத்து வைத்தார்கள். மலைக்காற்று இறங்கி நெல்மேல் போயிற்று. ஒரு கோடியில் புறப்பட்ட மடிப்பு மறு கோடி வரை ஓடிவந்து எங்கள் காலடியில் முடிந்தது, பின்னாலேயே அடுத்தது. காற்று நின்றால் அத்தனையும் கண்ணாடிபோல் ஆகிவிடும். சகலைகள் இருவரும் பேச்சை நிறுத்தி, ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வாய்க்காலில் கிடந்தன. நான் தண்ணீர் ஊற்றி, குழாயைக் கட்டி, கம்பியைச் சுற்றப்போனபோது இளையவள் ஓடிவந்து என்னைத் தடுத்து, மெதுவான குரலில் சொன்னாள்:

"அண்ணாச்சி, வண்டி சரியாச்சுண்ணு இப்பம் அவ்வொகிட்ட சொல்லிராதீங்க."

சத்தமில்லாத தண்ணீர்

மிஷன் பள்ளி வாத்தியார் ஞானமுத்து தம் மகள் எஸ்தரோடு ஒருநாள் கார் நிற்கிற இடத்துக்கு வந்தார். பேசியது மகள்தான். "அம்மையக் கூட்டிட்டுப் போகணும். அலை இல்லாத, சத்தம் இல்லாத தண்ணியா வேணும். முதல்ல" என்றாள். அந்த 'முதல்ல' எனக்குப் புரியவில்லை. வாத்தியார்தான் அப்புறம் சொன்னார். மூத்த மகன் சாமுவேலை முட்டத்துப் பாறையிலிருந்து அலை இழுத்துக்கொண்டு போயிருந்தது. உடல் கிடைக்கவில்லை. அதிலிருந்து அவர் மனைவி ரூத்தம்மாள் கிணற்றங்கரைக்குக்கூட வருவதில்லையாம்; உள்ளே கொண்டுவந்து கொடுக்கிற தண்ணீரில்தான் குளிப்பாளாம். இப்போது எஸ்தருக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிற பையன் அமைந்திருக்கிறான். எஸ்தருக்கு அவனைப் பிடித்தும் இருக்கிறது. ஆனால் கடல் தாண்டி மகளை அனுப்ப மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். "நான் அவள வற்புறுத்த மாட்டேன். பிள்ளையப் பறிகுடுத்தவகிட்ட அதச் சொல்ல எனக்கு வாயில்ல" என்றார் வாத்தியார்.

வேம்பனூர்க் குளத்துக்குப் போனோம். ரூத்தம்மாள் காரின் பக்கத் திரையை இறக்கிவிட்டு உள்ளேயே இருந்தாள். எஸ்தர் அம்மாவைக் கூப்பிடவே இல்லை. கரையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, தாமரையிலைமேல் நடக்கிற சின்னப் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலை தலைகீழாகக் குளத்துக்குள் இறங்கி நின்றது. ஒரு மேகம் அந்த மலையைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் பாதி தூங்கிவிட்டேன். கார்க்கதவு திறந்த சத்தத்தில்தான் விழித்தேன். ரூத்தம்மாள் மெள்ள நடந்து வந்து, மகளுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். வெகு நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவள், யாரிடமோ புகார் சொல்வதுபோலச் சொன்னாள்:

"இது ஒண்ணும் பேச மாட்டேங்குதே."

பேசுகிற தண்ணீர்

அடுத்த முறை மணக்குடிக் காயலுக்கு எஸ்தர் கூட்டிப்போனாள். பழையாறு கடலைத் தொடுகிற இடம். தண்ணீர் ஆற்றின் நிறத்தில் அசைவில்லாமல் கிடக்கும், மணல் திட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் கடல் முழங்கிக்கொண்டிருக்கும். தகப்பனும் மகளும் வள்ளத்தில் ஏறி அக்கரைக்குப் போனார்கள். வள்ளம் சின்னதாகி, வெயில் பளபளப்பில் கரைந்து, ஒரு கணம் இல்லாமலே போயிற்று. ரூத்தம்மாள் இரு கையாலும் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றாள். அது திரும்பி வரும்வரை அவள் உட்காரவில்லை. வந்ததும் எஸ்தரின் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "முட்டத்துக்கு விடும்" என்றாள். வாத்தியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. அலை குறைந்த வேறு துறைக்குப் போகலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "வேற எடத்துல போயி நான் யாரப் பாக்கதுக்கு?" என்றாள். நான் காரைத் திருப்பினேன்.

முட்டத்தில் செம்மண் மேட்டில் காரை நிறுத்தினேன். கப்பலுக்கு விளக்குக் காட்டுகிற வெளிச்சவீட்டுக்குக் கீழே பாறைகள்மேல் அலை ஏறி வெள்ளையாகச் சிதறிக்கொண்டிருந்தது. அவள் பாறைக்குப் போகாமல் மணலில் இறங்கினாள். துணைக்குப் போன எஸ்தரைக் கையால் நிறுத்திவிட்டாள். அலை வந்து பாதத்தை மூடியது, போயிற்று, மறுபடி மூடியது. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபம் செய்தாளா, மகனோடு பேசினாளா, கடலைத் திட்டினாளா, எனக்குத் தெரியாது. அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வெயில் சாய்ந்து மணலெல்லாம் பொன்னிறமாகும் வரை நாங்கள் மூவரும் மேட்டிலேயே நின்றோம். திரும்பி வந்தபோது அவள் முகம் கழுவினதுபோல் இருந்தது.

கல்யாணம் நடந்தது. தூத்துக்குடிக்கு அவர்களை ஏற்றிக்கொண்டு போனதும் நான்தான். கப்பலுக்குப் போகிற படகில் எஸ்தரும் மாப்பிள்ளையும் ஏறிக் கையசைத்தபோது, அதுவரை தைரியமாக நின்ற வாத்தியார் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ரூத்தம்மாள் அழவில்லை. படகு போன திசையிலிருந்து கண்ணை எடுக்காமல், புருஷனின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"கரையாதீங்க. அவ போற வழியில அவளுக்க அண்ணன் இருக்கான்லா."

சொந்தக் குடும்பம்

ஊரார் குடும்பங்களையெல்லாம் தண்ணீர் காட்டக் கூட்டிப்போகிற நான் சொந்தப் பெண்டாட்டியைக் கூட்டிப்போனதில்லை என்று அக்கம்பக்கத்தில் பேச்சு வந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் இதுபோல் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கலாம். காருக்குச் சொந்தக்காரரான முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தந்தார். பெண்டாட்டி தங்கத்திடம், குளமா, காயலா, கடலா என்று கேட்டேன். "பின்னால இருந்து போகணும். அம்மாமார் இருக்க மாதிரி" என்றாள். அதுதான் அவள் கேட்டது. சங்குத்துறைக்கு விட்டேன். தென்னந்தோப்புகளுக்கு நடுவே கார் அசைந்து அசைந்து போனதில், பாதி வழி தாண்டுமுன்பே அவள் தூங்கிவிட்டாள். விடியுமுன் எழுந்து சமைத்து, துவைத்து, சாயங்காலம் வரை உட்காராத உடம்பு.

கடற்கரையில் நிறுத்தினேன். எழுப்பக் கை நீட்டி, எழுப்பவில்லை. உப்புக்காற்று உள்ளே வந்து அவள் நெற்றி மயிரைக் கலைத்தது. அலை ஒன்று விழும், அவள் ஒரு மூச்சு விடுவாள், அடுத்தது விழும். எது அலை, எது அவள் மூச்சு என்று தெரியாமல் நானும் எவ்வளவு நேரமோ அப்படியே இருந்தேன். வெயில் ஏறியதும் காரைத் திருப்பினேன். வீட்டுக்குக் கிட்ட வந்து ஹாரன் அடித்தபோதுதான் கண் விழித்தாள். "கடலு வந்தாச்சா?" என்றாள். வந்து, போயும் ஆச்சு என்றேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, சொப்பனத்திலிருந்து இன்னும் முழுதாக வெளியே வராத குரலில் சொன்னாள்:

"கொள்ளாம், நல்லாருக்கு. அடுத்த வாட்டியும் இங்கயே கூட்டிட்டு வாங்க."

எந்தக் கரைக்குப் போகலாம் என்று என்னிடம் கேட்டவர்கள் எல்லாருமே கடைசியில் தங்களுக்கு வேண்டிய கரையில்தான் இறங்கினார்கள். எனக்கென்று மிஞ்சியது அவர்கள் சீட்டில் விட்டுப்போன மணலைத் தட்டுகிற உத்தியோகம்தான்.