மஞ்சள் பாதையில் நின்றவர்கள்

யாரிடம் கேள்வி கேட்கப் போனாலும் மூத்தவள் முதலில் பார்ப்பது அவர்களுடைய காலைத்தான். பதினொரு வருஷமாக அப்படித்தான். குதிகால் தூக்கியிருந்தால் அந்த ஆள் மனசுக்குள் ஏற்கெனவே ரயில் ஏறிவிட்டார், கிட்டே போகக்கூடாது. செருப்பைக் கழற்றி அதன்மேலேயே ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கிறவர் என்றால் இரண்டு நிமிஷம் கிடைக்கும். முகத்தைப் பார்த்தால் அவளுக்குக் கேள்வி மறந்துபோகும். அதனால் காலைப் பார்த்துவிட்டு, அட்டையில் செருகிய படிவத்தைப் பார்த்து, கேள்வியைப் படிவத்திடமே கேட்பதுபோல முணுமுணுப்பாள். எதிரில் நிற்பவர் குனிந்து, "என்னம்மா கேட்ட?" என்பார். மறுபடி கேட்பாள்.

சுரங்க ரயிலில் போகிறவர்களிடம் கருத்துக் கேட்டு எழுதுவது அவள் வேலை. நான்கு பாதைகளும் சந்திக்கிற பெரிய நிலையத்தில், தரைக்குக் கீழே மூன்று மாடி ஆழத்தில், காலை ஏழு மணியிலிருந்து மதியம் வரை. எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. கைக்குழந்தையாக இருந்த தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. ஆனால் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி போகாது. அந்தக் கையெழுத்துக்காகத்தான் எடுத்தார்கள். ஆளுக்கு ஆள் போய் வாயைத் திறக்க வேண்டிய வேலை என்பது சேர்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தினமும் முதல் ஆளிடம் போவதற்கு முன் கூரான பென்சிலையே மறுபடி சீவிக்கொண்டு நிற்பாள். பதினொரு வருஷத்தில் ஒரு நாள்கூட அப்படிச் சீவாமல் முதல் கேள்வியைக் கேட்டதில்லை.

அவள் கண் ஒரு நாற்காலி மேல் இருந்தது. டிக்கெட் கவுன்டருக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதில் படிவங்களைச் சரிபார்க்கும் அம்மாள் உட்கார்ந்திருப்பார். மேசை, விளக்கு, சிவப்புப் பேனா. ஒருவரோடும் பேச வேண்டாம். அந்த அம்மாளுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு மாசம்தான். அடுத்தது தனக்குத்தான் என்று மூத்தவள் எண்ணியிருந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்பது அவளுக்கு வராது.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழுந்தன் மனைவி, வீட்டின் இளைய மருமகள், வந்து சேர்ந்தாள். அவள் வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடிவிட்டார்கள். மேல்மாடியில் அவர்கள் குடும்பம், கீழே இவர்கள் குடும்பம். மாமியார் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "உன் கூடவே கூட்டிட்டுப் போயேம்மா." தலையில் கட்டிவிட்டார். மூத்தவள் கூட்டிக்கொண்டு போனாள். படிவத்தை எப்படி நிரப்புவது, பென்சிலை எப்படி அட்டையோடு கட்டுவது, எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். "நிக்கிறவங்ககிட்ட கேளு, ஓடுறவங்ககிட்ட போகாத" என்றும் சொன்னாள்.

முதல் நாளே இளையவள் எழுபத்தொரு படிவம் கொண்டுவந்தாள். மூத்தவள் அன்று நாற்பத்து மூன்று.

"அண்ணே, ஒரு நிமிஷம்! எந்தப் பாதையில அதிகம் போவீங்க? சொல்லிட்டுப் போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்பாள் இளையவள். அந்த அண்ணன் சிரித்துவிடுவார். "ஏன், சொல்லலைன்னா பாவமா?" என்று அவர் கேட்டால், "பாவமெல்லாம் இல்ல, நான் சாயங்காலம் வரைக்கும் உங்களையே நினைச்சிட்டு இருப்பேன், பரவாயில்லையா?" என்பாள். பக்கத்தில் நிற்கிற நாலு பேரும் சிரித்துக்கொண்டே தாங்களாக வந்து பதில் சொல்வார்கள். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்தார்கள். பதினொரு வருஷத்தில் மூத்தவளுக்கு ஒருவரும் ஒரு பட்டப்பேர்கூட வைக்கவில்லை.

அதுதான் முதலில் சுருக்கென்றது. பிறகு ஒவ்வொன்றும் சுட்டது. இளையவள் சீருடைத் தொப்பியைக் கொஞ்சம் சாய்த்துப் போடுவது, துப்புரவுப் பெண்கள் அவளைப் பார்த்ததும் துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பேசுவது, தலைவலி என்று ஒருநாள் அவள் வராதபோது மூன்று பயணிகள் "எங்கம்மா அந்தப் பொண்ணு?" என்று மூத்தவளிடமே கேட்டது. வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே பாட்டு. "எண்பத்தி நாலாமே இன்னிக்கு? நீயும் அவகிட்டக் கொஞ்சம் கத்துக்கோயேன்" என்றார் கணவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். இன்னொரு கரண்டி வேண்டுமா என்று கேட்காமலே பாத்திரத்தை மூடினாள்.

கணக்கெடுப்பு அதிகாரி நல்ல மனிதர்தான். ஆனால் ஒருநாள் சரிபார்ப்பு அறையைத் தாண்டும்போது இளையவளைப் பார்த்து, "இந்த வேகத்துல போனா நீங்கதான் அங்க உக்காரணும் போல" என்று சொல்லிவிட்டுப் போனார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ.

இளையவள் கள்ளப் படிவம் எழுதுகிறாள் என்று மூத்தவள் மனசுக்குள் முடிவுகட்டினாள். இல்லாவிட்டால் எண்பத்து நாலு எப்படி வரும்? தேநீர் இடைவேளையில் தானே உட்கார்ந்து நிரப்புகிறாளாக இருக்கும். மறுநாளிலிருந்து தூணுக்குப் பின்னால் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். இளையவள் ஒரு ஆளிடம் கேட்டால் இவள் தன் படிவத்தின் பின்பக்கம் ஒரு கோடு போடுவாள். மூன்று நாள் பார்த்தாள். கோடும் படிவமும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தன. ஒன்றுகூடக் கள்ளமில்லை. அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது.

ஆனால் அத்தனை நேரம் ஒரே இடத்தில் நின்று பார்த்ததில் வேறொன்று கண்ணில் பட்டது. சிவப்புப் பாதைக்கு மூன்று நிமிஷத்துக்கு ஒரு ரயில். கூட்டம் படிக்கட்டில் இறங்கும், கதவு திறக்கும், விழுங்கிக்கொண்டு போய்விடும். கேள்வி கேட்க ஆளே நிற்பதில்லை. மஞ்சள் பாதைக்குப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒன்று. முப்பது பேர்தான் வருவார்கள், ஆனால் முப்பது பேரும் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பார்கள். அதனால் இளையவள் நாள் பூராவும் மஞ்சள் நடைமேடையிலேயே சுற்றினாள். அவள் படிவத்தில் பாதிக்கு மேல் மஞ்சள்.

முன்பு கேட்டதெல்லாம் நிலையம் சுத்தமாக இருக்கிறதா, அறிவிப்பு காதில் விழுகிறதா என்கிற கேள்விகள். நிற்கிறவரிடம் கேட்டாலும் ஓடுகிறவரிடம் கேட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தத் தடவை கேள்வி, எந்தப் பாதையில் அதிகம் போகிறீர்கள் என்பது. நுழைவாயில் இயந்திரத்துக்கு ஆள் உள்ளே வந்தது தெரியும், எந்தப் பாதைக்கு இறங்கினார் என்பது தெரியாது. இந்தப் படிவங்களை வைத்துத்தான் புது ரயில் பெட்டிகளை எந்தப் பாதைக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யப் போகிறார்கள்.

இளையவள் மாட்டிக்கொண்டாள் என்று மூத்தவள் நினைத்தாள். இளையவளின் படிவக் கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனாள். பதினொரு வருஷத்தில் அந்தக் கதவை அவளாகத் தட்டியது அதுதான் முதல் தடவை.

"சார்..."

"சொல்லுங்க. உக்காருங்க முதல்ல."

உட்காரவில்லை. "அவ படிவத்துல பாதிக்கு மேல மஞ்சள் சார்."

"சரி. மஞ்சள்ல கூட்டம் அதிகம்னு அர்த்தம்."

"இல்ல சார். மஞ்சள்ல நிக்கிறாங்கன்னு அர்த்தம்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். மூத்தவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள், பன்னிரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம், கொட்டாவி உட்பட. அவர் எழுந்துபோய் எட்டுப் பேருடைய கட்டுகளையும் கொண்டுவந்து மேசையில் போட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசியாக ஒரு கட்டை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அவங்களோடது நூத்துக்கு அம்பத்தி நாலு மஞ்சள். இது அறுபத்தி ரெண்டு. இது யாரோடதுன்னு தெரியுதா?"

அச்சு மாதிரிக் கையெழுத்து. தெரியாமல் என்ன?

மறுநாள் காலை எல்லாரையும் கூப்பிட்டார். மூன்று வாரப் படிவங்கள் சாக்கில் கட்டி மூலையில் கிடந்தன, அத்தனையும் வீண். "நிக்கிறவங்ககிட்ட மட்டும் கேக்கணும்னு யார் சொன்னது?" என்றார்.

இளையவள் பளிச்சென்று கையைத் தூக்கினாள். "அக்காதான் சார்! எனக்கு எல்லாமே அக்கா சொல்லிக் குடுத்ததுதான்." முகமெல்லாம் பெருமை. பாராட்டு வாங்கித் தருகிறாளாம்.

"பதினோரு வருஷ சர்வீஸ்ப்பா" என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான். சிரித்தார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்று மூத்தவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். நாற்காலி போயிற்று. அந்த விளக்கும் போயிற்று.

அதிகாரி புது ஏற்பாட்டைச் சொன்னார். இனி படிக்கட்டில் நிற்க வேண்டும். இறங்குகிறவர்களை எண்ணி, ஒவ்வொரு இருபதாவது ஆளும் யாராக இருந்தாலும் அவரோடு சேர்ந்து நடந்துகொண்டே கேட்க வேண்டும். படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் புதிதாக வரும்: ஏன் இந்தப் பாதை? பிறகு மூத்தவள் பக்கம் திரும்பினார். "நீங்க படிக்கட்டுக்கு வேண்டாம். தப்பு எங்க இருக்குன்னு நின்னு பாக்கத் தெரிஞ்ச ஆள்தான் அந்த ரூம்ல வேணும். அடுத்த மாசத்துல இருந்து அங்க உக்காருங்க."

அன்று வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை.

"அக்கா, என் கட்டை மட்டும்தான் சார்கிட்ட எடுத்துட்டுப் போனீங்களாமே?"

"ம்."

"என்னை மாட்டி விடத்தானே?"

மூத்தவள் ஜன்னலைப் பார்த்தாள். சுரங்கத்துக்குள் ஜன்னலில் வேறென்ன தெரியும், அவள் முகமும் பக்கத்தில் இளையவள் முகமும்தான் தெரிந்தன.

"அந்த நாற்காலிக்காகவா?" இளையவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அய்யோ அக்கா! கேட்டிருந்தா எனக்கு வேணாம்னு நானே எழுதிக் குடுத்திருப்பேனே. ஆளே இல்லாத ரூம்ல என்னை உக்கார வெச்சா நான் செத்துல்ல போயிடுவேன்?"

கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. தான் மூன்று வாரம் தூக்கமில்லாமல் காவல் காத்த பொருளை இவள் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்கிறாள். இளையவள் எதிர் இருக்கைப் பெண்ணிடம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

மூத்தவள் அறைக்குப் போய் ஆறு மாசமாகிறது. பென்சிலைச் சீவிக்கொண்டு நிற்பது நின்றுவிட்டது. சிவப்புப் பாதைக்குத்தான் புதுப் பெட்டிகள் என்று முடிவாகிவிட்டது. ஆனால் தினமும் மதியம் ஏழு கட்டுகள் மேசைக்கு வருகின்றன, மற்ற ஆறு பேருடைய கடைசிக் கட்டத்தில் 'பக்கம்', 'வேகம்' என்று ஒற்றைச் சொல்தான் இருக்கும். இளையவளுடையதில் எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓரமெல்லாம் வழியும். 'பச்சைப் பாதை, அதில்தான் உட்கார்ந்து தூங்க இடம் கிடைக்கும், இரண்டு வேலை பார்க்கிறார்.' 'நீலப் பாதை, சண்டை போட்ட அண்ணன் சிவப்பில் வருவார்.' படிக்கட்டில் இருபது படி இறங்குவதற்குள் இதையெல்லாம் அவளிடம் சொல்லிவிடுகிறார்கள்.

அந்தக் கட்டை மூத்தவள் கடைசியாகத்தான் பிரிக்கிறாள், இரண்டு தடவை படிக்கிறாள். கட்டத்துக்கு வெளியே எழுதக்கூடாது என்று ஒவ்வொன்றிலும் சிவப்புப் பேனாவால் குறித்து அனுப்புகிறாள். இளையவள் இன்னும் வெளியேதான் எழுதுகிறாள்.