பெரட்டில் வாசித்த பழைய தாள்

எழுபதுகளின் கடைசியில் பத்திரிகை வேலையை விட்டுவிட்டு, ஈப்போவில் மனைவியோடு ஒரு சிறிய துணிக்கடை நடத்தினேன். நிருபராக இருந்த ஒன்பது ஆண்டுகளில் ஒருநாளும் செய்தியைத் தாமதமாகக் கொடுத்ததில்லை. சொந்தக் கடைக்கு வாரம் ஒரு பக்கம் எழுதத்தான் முடியவில்லை.

கடை அந்த ஒரு பக்கத்தை நம்பியிருந்தது. செமோர் பக்கம் ஒரு பெரிய ரப்பர் தோட்டத்தில், வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் எல்லோரும் பெயர் கொடுக்கக் கூடுவார்கள். அதைப் பெரட்டு என்பார்கள். சனிக்கிழமைப் பெரட்டு முடிந்ததும் தோட்ட அலுவலக எழுத்தரான கிராணி என் தாளை உரக்க வாசிப்பார். என்ன சேலை வந்திருக்கிறது, என்ன நிறம், சீருடைத் துணி இருக்கிறதா என்ற விவரங்கள். மறுநாள் ஞாயிறு, பெண்கள் பஸ் ஏறி வருவார்கள். மோட்டார் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு போகும் துணி வியாபாரி ஒருவர் அந்த இரண்டு நிமிடத்தைத் தனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"தாள் வரலேன்னா அவருக்குக் குடுத்துருவேன், அண்ணே. அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது" என்று கிராணி முதலிலேயே சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஒரு மணி பஸ்ஸில் தாளைக் கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தொழுகைக்காக அரசாங்க அலுவலகங்கள் நண்பகலில் மூடிவிடும். அதனால் அன்று காலையில்தான் மனுப் பாரங்களை நிரப்பித் தரச் சொல்லி ஆட்கள் என்னிடம் ஓடி வருவார்கள். பத்திரிகைக்காரன் என்ற பெயர் போகவில்லை. மேசையில் பேனா திறந்திருந்தால் போதும், வந்துவிடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை எதிரே இருந்த காப்பிக்கடைக்கு ஒளிந்து போனேன். அங்கேயும் ஒருவர் பாரத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, எழுதிக்கிட்டுதானே இருக்கீங்க? இந்தப் போராங்கையும் ரொப்பிருங்கலா."

"இது கடைக்கு எழுதறது."

"கடை எங்க ஓடிப்போவுது? ஐ.சி. ஆபீசு இப்ப மூடிருவான்."

அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை பெற்றவருக்குத் தரும் நீல அட்டைக்கு மனுச் செய்கிறார். பிறந்த தேதி தெரியாது. எந்தத் தோட்டம் விற்கப்பட்டபோது தமக்கு எத்தனை வயது என்று கணக்குப் பார்த்துச் சொன்னார். எழுதி முடித்து நிமிர்ந்தபோது பஸ் போயிருந்தது.

"எவன் பேப்பருக்கோ தினம் எழுதுனீங்க. நம்ம கடைக்கு மட்டும் கை வராது" என்றாள் மனைவி.

யாரும் வரமாட்டார்கள் என்றிருந்தோம். ஞாயிறன்று எட்டுப் பெண்கள் வந்தார்கள். எட்டுப் பேரும் இளநீல நைலக்ஸ் சேலை கேட்டார்கள். அது முந்தின ஞாயிறே தீர்ந்துபோன சரக்கு.

"நேத்து பெரட்டுல படிச்சாங்களே, அக்கா!" என்றாள் ஒருத்தி, என் மனைவியிடம். தாள் வராததால் கிராணி பழைய தாளையே மறுபடி வாசித்திருக்கிறார். அவரிடமிருந்து ஒரு சேதியும் கொண்டு வந்திருந்தாள்: இந்த ஒரு தடவைதான்.

"போன வாரம் படிச்சதுன்னு உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டேன்.

"மொதல்ல என்னமோ நீளமா வரும்லா, வானம் மேகம்னு. அது முடியட்டும்னு பேசிக்கிட்டு இருப்போம். நெறம் சொல்றப்பத்தான் காது குடுப்போம். நீலம்னு கேட்டுச்சு, வந்துட்டோம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள்.

அந்த வானமும் மேகமும் என் தொடக்கப் பத்தி. வியாழன் முழுவதும் அதைத்தான் அடித்து அடித்து எழுதிக்கொண்டிருப்பேன். பாரம் எழுதக் கேட்டவர்கள் என் நேரத்தைத் தின்றார்கள் என்று அதுவரை சொல்லிவந்தேன். அது பாதி உண்மை.

மறுநாளிலிருந்து காலையில் கடைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, நின்றபடியே, பென்சிலால், சேலைக்குள் வைத்து வரும் அட்டையில் இரண்டு வரி எழுதினேன். வந்தது, நிறம், தீர்ந்தது. தொடக்கப் பத்தி கிடையாது. எழுதிய மாதிரியே இல்லை. வெள்ளிக்கிழமை அவற்றைத் தாளில் பெயர்த்து, பதினோரு மணிக்குப் பஸ் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது கடை வாசலில் இருவர் பாரத்தோடு நின்றிருந்தார்கள். பேனாவைத் திறந்தேன்.