பாரம் கேட்கும் வண்டி

கொல்லயில் என்ற ஊர்ப் பக்கத்தில் ஈசாக்கின் பிக்கப் வண்டியில் ஏறாத ஆளே கிடையாது. வேண்டாம் என்றவர்களையும் அவன் விடுவதில்லை. தலைச்சுமையோடு சந்தைக்குப் போகிறவளோ, கல்யாண வீட்டுக்குப் போகிற குடும்பமோ, யாராக இருந்தாலும் வண்டியை ஓரங்கட்டி, "வா மக்கா, ஏறு, சும்மாதான் போறேன்" என்று கூப்பிடுவான். கூலி கேட்கமாட்டான். வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு எவ்வளவு தங்கமான மனுஷன் என்பார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரித்துக்கொள்வார்கள். தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை. வண்டி காலியாக ஓடினால் ஈசாக்குக்குத் தாங்காது, அவ்வளவுதான். அது ஏன் தாங்காமல் போனது என்றால், அவன் அந்த வண்டிக்குப் பாரம் தாங்குகிற ஸ்பிரிங்கான வில்பட்டை வாங்கின கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

யுத்தம் முடிந்து மிலிட்டரி சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்த வண்டி அது. என்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்பக்கத்து வில்கள்தான் போய்விட்டிருந்தன. மரச்சீனிக் கிழங்கு மூட்டைகளை ஏற்றினால் வண்டி நாயைப்போலக் குந்திக்கொள்ளும், முன்விளக்கு இரண்டும் தென்னை மண்டையைப் பார்க்கும். ஈசாக் இருட்டில் வண்டி ஓட்டினால் வௌவாலுக்குத்தான் வெளிச்சம் என்று ஊரில் கேலி பேசினார்கள். அவன் பதில் சொல்லமாட்டான். இயல்பிலேயே வாய் குறைந்தவன். ஆனால் ஒரு காரியத்தை மனசில் போட்டுக்கொண்டால் ஆடு அசைபோடுவதுபோல மாதக்கணக்கில் மென்றுகொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருக்க, இவன் கண்கள் கூரையின் வளைந்த உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பெண்கள் பக்கத்திலிருந்து மனைவி சத்தியபாய் கவனித்துவிடுவாள். வீட்டுக்கு வந்ததும், "வசனம் என்ன எண்ணு சொல்லும் பாப்போம்" என்பாள். அவனுக்குத் தெரியாது.

பாறசாலையில் கொல்லப்பட்டறை வைத்திருந்த தாணுமாலயன், பழைய பட்டைகளையே கழற்றி உலையில் காய்ச்சி வளைவு ஏற்றித் தருவதாகச் சொன்னார். செலவு குறைவு. ஆனால் ஒரு மழைக்காலம் தாண்டினால் மறுபடி தட்டையாகிவிடும், அதை அவரே ஒத்துக்கொண்டார். கொல்லயிலில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த கிருஷ்ணன்குட்டி மேஸ்திரி வேறு யோசனை சொன்னார். இருக்கிற அடுக்கோடு மெல்லிய பட்டை ஒன்றைப் புதிதாகச் சேர்க்கலாம், பாரத்தையும் ஓரளவு தாங்கும், ஓட்டமும் மெத்தென்று இருக்கும். மூன்றாவது வழி மார்த்தாண்டத்துப் பழைய இரும்புக் கடையில் கிடந்தது. உடைத்துப்போட்ட மிலிட்டரி லாரி ஒன்றின் பின்வில், முழு அடுக்கு. ஒவ்வொரு பட்டையும் கட்டைவிரல் கனம். ஈசாக் அதைத் தட்டிப் பார்த்தான். ஆலய மணிபோலச் சத்தம் வந்தது.

"அது லாரிக்கு உள்ளதாக்கும்" என்றார் கிருஷ்ணன்குட்டி. "உனக்க வண்டி கொச்சு வண்டி. பாரம் இருந்தா ஒண்ணும் தெரியாது. பாரம் இல்லாம ஓட்டினா அது வளையாது, துள்ளிச் சாடும். ரோட்டுல உள்ள அடி முழுசும் மேல ஏறி வரும்."

ஈசாக்குக்கு அது புரிந்தது. மெல்லிய பட்டை போதும் என்று அவன் ஏறக்குறைய முடிவு செய்துவிட்ட நேரத்தில்தான் மச்சான் சுந்தரதாஸ் குறுக்கே விழுந்தான்.

சுந்தரதாஸ் சத்தியபாயின் தம்பி. சைக்கிள் கடை வைத்திருந்தான். கடையில் பஞ்சர் ஒட்டுவதைவிட எல்லை பேசுவதுதான் அதிகம் நடக்கும். திருவிதாங்கூரில் தமிழ் பேசுகிற தாலுகாக்கள் எல்லாம் மதராஸ் மாகாணத்தோடு சேரவேண்டும் என்று கூட்டங்கள் நடந்துகொண்டிருந்த காலம். சுந்தரதாஸ் ஒரு கூட்டத்தையும் விடமாட்டான். நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் சேர்ந்துவிடும், எல்லை ஊருக்குப் பக்கத்திலுள்ள நெய்யாற்றில்தான் விழும் என்று சத்தியம் செய்வான். கிருஷ்ணன்குட்டி ஐக்கிய கேரளத்தின் ஆள். எதிரெதிரே கடை வைத்துக்கொண்டு, ஒரே டீயைப் பாதிப் பாதி குடித்துக்கொண்டு பேசிய இரண்டு பேர், அந்த வருஷம் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"அத்தான், எல்லை எங்க உண்டோ அங்கதான் அரிசி மண்டி வரும்" என்றான் சுந்தரதாஸ். "நாஞ்சில்நாட்டு நெல்லு முழுசும் நம்ம வாசலுக்கு வந்து எறங்கும். சிமெண்டு ரோடு, மூட்டை மூட்டையா பாரம். அப்போ இந்த மெலிஞ்ச பட்டைய வச்சிட்டு என்ன செய்வீரு? அந்த மேஸ்திரி மலையாளத்துக்கு உள்ள ஆளு. நம்ம வளருகது அவருக்குப் பிடிக்காது."

பட்டையை ரோடு பார்த்து வாங்கலாம், பாரம் பார்த்து வாங்கலாம். எல்லை எங்கே விழும் என்று பார்த்து வாங்கியவன் உலகத்திலேயே நம் ஈசாக் ஒருவனாகத்தான் இருப்பான். ஆனால் அவனைமட்டும் குறை சொல்லி என்ன பயன்? அந்த வருஷங்களில் அந்தப் பக்கத்தில் எல்லாருமே அப்படித்தான் இருந்தார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதும், பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பதும் எல்லையை உத்தேசித்துத்தான் நடந்தது. ஈசாக் மார்த்தாண்டத்துக்குப் போய் அந்தக் கனத்த அடுக்கையே வாங்கிவந்தான். கிருஷ்ணன்குட்டியே அதைப் பூட்டிக்கொடுத்தார். வண்டி பின்பக்கம் தூக்கிக்கொண்டு, சண்டைக்கு நிற்கிற சேவலைப்போல நின்றது.

மண்டி வரவில்லை. கிடைத்த பாரத்தை ஏற்றிக்கொண்டு ஈசாக் ஓட்டினான். பாரம் இருந்தால் வண்டி சுகமாகப் போகும். இறக்கிவிட்டுத் திரும்பும்போது நடுமுதுகில் உலக்கையால் இடிப்பதுபோல இருக்கும். சத்தியபாய் ஒருமுறை ஏறிப்பார்த்துவிட்டு, நடந்தே வருகிறேன் என்று இறங்கிவிட்டாள். வாங்கினது தப்போ என்று அவன் உள்ளுக்குள் யோசித்தான். வெளியே சொல்ல ரோஷம் விடவில்லை.

ஐம்பத்து நாலாம் வருஷம் ஆடிக் கடைசியில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் எல்லைப் போராட்டக்காரர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. ஆட்கள் செத்துப்போனார்கள் என்ற செய்தி கொல்லயிலுக்கு வந்தது. மறுநாள் பஸ் ஓடவில்லை. ஐந்து பேர் சேர்ந்து நின்றால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியிருந்தது. அன்று காலையில் சுந்தரதாஸ் செத்தவர்களுக்காகக் கறுப்புக்கொடி கட்டப்போகிறேன் என்று சொல்லி, மழையில் நனைந்து கிடந்த தென்னையில் ஏறினான். அவன் மரம் ஏறிப் பழகியவன் அல்ல. கொடியைக் கட்டிவிட்டான். இறங்கும்போது பாதி மரத்தில் கால் வழுக்கிவிட்டது.

இடுப்பு ஒடிந்திருந்தது. வைத்தியர் தொட்டுப் பார்த்துவிட்டு, இது என் கையில் நிற்காது, உடனே திருவனந்தபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், ஆனால் உடம்பு அசையக்கூடாது, அசைந்தால் உள்ளே குத்தி ஆள் தப்பமாட்டான் என்றார். கதவு ஒன்றைக் கழற்றி, மெத்தை விரித்து, அவனைக் கிடத்தி வண்டியில் ஏற்றினார்கள். சத்தியபாய் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

வண்டி புறப்பட்டு முதல் குழியில் விழுந்தது. சுந்தரதாஸ் போட்ட அலறலை ஈசாக் சாகும்வரை மறக்கவில்லை. எவ்வளவு மெதுவாக உருட்டினாலும் வில் வளையமாட்டேன் என்றது. ஒவ்வொரு கல்லும் நேரே மேலேறி ஒடிந்த எலும்பில் போய் அடித்தது. வளைவு தாண்டுவதற்குள் சுந்தரதாஸின் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. "நிறுத்தும், செத்துப்போவான்" என்றாள் சத்தியபாய்.

ஈசாக் நிறுத்தினான். இறங்கி வண்டிக்குப் பின்னால் போய் நின்றான். தான் தேடித்தேடி வாங்கின இரும்பு இது. இந்த இரும்புதான் மச்சானைக் கொல்லப்போகிறது. அவனுக்கு அழுகை வந்தது. ரோட்டில் நின்று அழுதான்.

வண்டி நின்ற இடம் கிருஷ்ணன்குட்டியின் ஒர்க்‌ஷாப் வாசல். அவர் வெளியே வந்தார். கிடந்தவனைப் பார்த்தார், பிறகு குனிந்து வில்லைப் பார்த்தார். அன்றைக்கே சொன்னேனே என்று அவர் கேட்டிருந்தால் நியாயம்தான். கேட்கவில்லை.

"பாரம் வேணும் ஈசாக்கே. இது வளையணும். வளஞ்சாத்தான் அவன் பெரியாஸ்பத்திரி வரைக்கும் உயிரோட போய் எத்துவான்."

"கல்லு ஏத்தலாமா மேஸ்திரி?"

"உருண்டா அவனுக்க மேலயாக்கும் விழும். அசையாம இருக்கப்பட்ட பாரம் வேணும். கதவையும் பிடிச்சுக்கிடணும்."

அப்படிப்பட்ட பாரம் சுற்றிலும்தான் நின்றுகொண்டிருந்தது. வேலிக்குப் பின்னாலும், வாசல்படியிலும், வாழைத் தோட்டத்துக்குள்ளும். அலறல் கேட்டு எல்லாரும் வந்திருந்தார்கள், ஆனால் ஒருவரும் ரோட்டுக்கு வரவில்லை. திறந்த வண்டியில் கூட்டமாக உட்கார்ந்து, அதுவும் இன்றைக்கு, சிமெண்ட் ரோட்டில் போலீஸ் நிற்கிற வழியாகப் போவதா? ஈசாக் அவர்கள் முகங்களைப் பார்த்தான். கூப்பிட வாய் வரவில்லை. எப்படிக் கூப்பிடுவது, வந்து அடி வாங்குங்கள் என்றா?

கிருஷ்ணன்குட்டி கையைத் துண்டில் துடைத்துவிட்டு வண்டியில் ஏறினார். ஒரு வருஷமாகப் பேசாத சுந்தரதாஸின் கால்மாட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து கதவின் மூலையைப் பிடித்துக்கொண்டார். வில் அசையவில்லை.

"நான் ஒருத்தன் காணாது" என்றார், யாரையும் பார்க்காமல்.

உலையில் வேலையை நிறுத்திவிட்டு ஆளை விசாரிக்கப் பாறசாலையிலிருந்து வந்திருந்த தாணுமாலயன் முதலில் வேலியைத் தாண்டினார். அவர் பட்டறையை வேண்டாம் என்று சொன்ன வண்டியில் அவரே ஏறினார். அடுத்து ஆலயத்தில் மணி அடிக்கிற ராஜையா. மீன் விற்கிற குமாரி கூடையை இறக்கிவைத்துவிட்டு, "எனக்க எடைய இதுவரைக்கும் எல்லாரும் கேலிதான் பேசினிய" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். பிறகு ஒவ்வொருவராக. மதராஸ் கேட்டவர்களும், கேரளம் கேட்டவர்களும், இரண்டும் கேட்காமல் மழை நின்றால் போதும் என்றிருந்தவர்களும். ஆள் ஏற ஏறப் பட்டைகள் ஒன்றோடொன்று உரசி முனகின. கடைசியில் வில் வளைந்தது. ஈசாக் அதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிப்போய் வண்டியை எடுத்தான்.

அதே குழிகள்தான். சுந்தரதாஸ் அலறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அக்காளின் கையைப் பிடித்திருந்தான்.

அமரவிளைப் பாலத்தில் போலீஸ் மறித்தது. இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்த கூட்டம். எங்கே கூட்டம், யார் தலைவன் என்று மலையாளத்தில் கேட்டார்.

"கூட்டமல்ல சாரே" என்றார் கிருஷ்ணன்குட்டி. "பாரமாணு."

பாரம் என்றதை இன்ஸ்பெக்டர் கேலி என்று நினைத்திருக்க வேண்டும். நோயாளியும் அந்தப் பெண்ணும் மட்டும் போகட்டும், மற்ற எல்லாரும் இறங்கட்டும் என்றார். இறங்கினார்கள். வண்டியின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது. போ என்று கை காட்டினார். ஈசாக் வண்டியை நகர்த்தினான். சிமெண்ட் பாளங்கள் சேருகிற இடத்தில் சக்கரம் ஒருமுறை தட்டியது. அவ்வளவுதான். சுந்தரதாஸின் குரல் பாலத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது.

ஈசாக் நிறுத்திவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். அவர் கிடந்தவனைப் பார்த்தார், வில்லைப் பார்த்தார், ஓரமாக நனைந்துகொண்டு நின்றவர்களைப் பார்த்தார். பிறகு முகத்தை ஆற்றின் பக்கம் திருப்பிக்கொண்டு, "கேறிக்கோ" என்றார்.

எல்லாரும் திரும்ப ஏறிக்கொண்டார்கள்.

சுந்தரதாஸ் பிழைத்தான். ஒரு கால் குட்டையாகி, கம்பு ஊன்றி நடந்தான். சைக்கிள் கடைக்கு எதிரே ஒர்க்‌ஷாப்பில் டீ மறுபடி பாதிப் பாதியானது. எல்லை விஷயத்தில்மட்டும் இரண்டு பேரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

ஐம்பத்தாறில் எல்லை வந்தது. நெய்யாற்றில் அல்ல, களியக்காவிளையில் விழுந்தது. கொல்லயிலும் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. அன்று சுந்தரதாஸ் கடை திறக்கவில்லை. செத்தவர்களை நினைத்து அழுதான் என்று சத்தியபாய் சொன்னாள். அரிசி மண்டியும் வரவில்லை, நாஞ்சில்நாட்டு நெல்லும் வரவில்லை.

சில நாள் கழித்து கிருஷ்ணன்குட்டி ஈசாக்கைக் கூப்பிட்டனுப்பினார். ஈசாக் சுந்தரதாஸையும் ஏற்றிக்கொண்டு போனான்.

"இனி என்னத்துக்கு இந்தக் கனத்த பட்டை? கழத்திட்டு மெலிஞ்சது போட்டுத் தாறேன். கூலி வேண்டாம்" என்றார் மேஸ்திரி.

ஈசாக் பின்பக்கம் போய்க் குனிந்து வில்லைத் தடவினான். வழக்கம்போல நெடுநேரம் யோசித்தான்.

"வேண்டாம் மேஸ்திரி. கெடக்கட்டு."

"காலியா ஓட்டினா முதுகு போயிரும் ஓய்."

"காலியா ஓட்டமாட்டேன்" என்றான் ஈசாக்.

திரும்பும்போது வண்டியில் இரண்டே பேர். வளைவு தாண்டிக் குழி ஆரம்பித்ததும் வண்டி சாடத் தொடங்கியது. சுந்தரதாஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். முன்னால் யாரோ ஒருவர் தலையில் ஓலைக்கட்டோடு நடந்துபோய்க்கொண்டிருந்தார். மலையாளம் பேசுகிற ஆரியங்கோட்டுப் பக்கத்து ஆளாக இருக்கவேண்டும், பழக்கமில்லாத முகம். ஈசாக் வேகத்தைக் குறைத்தான். அவன் வாய் திறப்பதற்குள் சுந்தரதாஸ் வெளியே தலையை நீட்டி, இத்தனை வருஷமும் வீம்புக்காகப் பேசாமல் வைத்திருந்த மலையாளத்தில் அந்த ஆளைக் கூப்பிட்டான்.

"கேறிக்கோ."