அக்கா பாடாத கச்சேரி

எங்கள் மேற்கத்திய இசைக் குழுவில் நான்கு பேர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த அக்காதான் பாடுவார். கிணத்துக்கடவிலிருந்து பஸ்ஸில் வரும் தோழி வயலின். கர்நாடக சங்கீதம் படித்தவள், தரையில் உட்கார்ந்தே வாசித்துப் பழகியவள். எங்களுக்காக நின்றபடி, வயலினைத் தாடைக்கடியில் வைத்து வாசிக்கக் கற்றுக்கொண்டாள். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற தம்பி ஒருவன். பியானோவுக்கு முந்தைய ஹார்ப்சிகார்டு வாத்தியத்துக்கு நாங்கள் எங்கே போவது? கீபோர்டிலேயே அந்த ஒலியை வைத்துக்கொள்வான். பம்ப் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுச் செல்லோ என்ற பெரிய வயலினைத் தூக்கிக்கொண்டு ஒத்திகைக்குப் போகிறவள் நான்.

முன்னூறு நானூறு வருஷத்துக்கு முன்னால், ஐரோப்பாவின் பரோக் காலத்தில் பெண்கள் எழுதிய இசையை மட்டும்தான் வாசிப்போம். அது அக்காவின் பிடிவாதம். இத்தாலியில் கன்னிமடத்துக்குள் இருந்த கன்னியாஸ்திரீகள் எழுதி, அவர்களே பாடிய பாடல்கள். இணையத்தில் தேடிப் பிடித்து, பிரிண்ட் எடுத்து வருவார். "இதையெல்லாம் நம்மூருல ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க கண்ணு. நாமதான் பாடிக் காட்டோணும்" என்பார்.

கத்தோலிக்கப் பங்குக் கோவில் ஹாலில் கச்சேரி வைக்க அனுமதி கிடைத்த சமயம், அக்காவுக்குத் தைராய்டில் கட்டி இருப்பது தெரிந்தது. ஆபரேஷன் செய்தால் குரல் நரம்பு பாதிக்கப்படலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார். செய்யாமலும் விட முடியாது. கட்டியை எடுத்தார்கள். குரலும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில், கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஒத்திகைக்கு வந்தார். ரகசியம் பேசுகிற மாதிரிதான் பேச முடிந்தது.

"வாசிங்க. பாடிப் பாக்கறேன்" என்றார்.

நாங்கள் ஆரம்பித்தோம். அவர் நுழைய வேண்டிய இடம் வந்தது. வாய் திறந்தது, தோள் உயர்ந்தது, காற்று மட்டும் வந்தது. "இன்னொருக்கா வாசிங்க" என்றார். வாசித்தோம். மறுபடியும் காற்றுதான். மறுபடியும் வாசிக்கச் சொன்னார். நிறுத்தச் சொல்லும் தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை. நிறுத்தினால் அவரிடம் என்ன சொல்வது? செல்லோவின் தந்தியைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடைசியில் தோழிதான் வயலினை இறக்கினாள். "போதுமுங்க அக்கா. கழுத்துல இன்னும் தையல் ஆறலீங்க" என்றவள், அங்கேயே அழுதுவிட்டாள். அவளைத் தேற்றியவரும் அக்காதான்.

வேறு பாடகியைத் தேடினோம். கிடைத்தவர்களுக்கு இந்தப் பாணி பிடிபடவில்லை. கச்சேரியைத் தள்ளிவைக்கலாம் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டின் வரியை வயலினில் வாசிப்பது, ஒவ்வொரு பாடலுக்கும் முன்னால் அதன் பொருளை அக்கா தமிழில் சொல்வது என்று முடிவானது.

அன்று ஹாலில் ஓரளவு கூட்டம் இருந்தது. அக்கா மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துப் பேசினார். ஸ்பீக்கரில் மூச்சிரைப்பு மட்டும் பெரிதாகக் கேட்டது. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "ஏனுங்க, ஒண்ணுமே கேக்கலீங்க. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க" என்றார். அவருக்கு விஷயம் தெரியாது. அக்கா தலையசைத்து, மைக்கைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். நாங்கள் வாசித்தோம். பிசகு இல்லாமல்தான் வாசித்தோம், கைதட்டினார்கள். இசைக்கிற எங்களைப் பார்க்காமல், மடியிலிருந்த பாட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார் அக்கா.

அதற்குப் பிறகு குழு கூடுவது குறைந்துபோனது. சண்டை எதுவும் இல்லை. யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அக்காவுக்குப் பேச்சுக் குரல் கொஞ்சம் திரும்பியது. வகுப்பெடுக்கப் போதாததால் பள்ளிக்கூடத்தில் அலுவலக வேலைக்கு மாற்றினார்கள்.

போன மாதம் காந்திபுரத்தில், ஒரு பேக்கரி வாசலில் அவரைப் பார்த்தேன். டீ குடித்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். பஸ்களின் ஹாரனில் கேட்கவில்லை. "என்னங்க அக்கா?" என்று குனிந்தேன். மறுபடி சொன்னார். அதுவும் கேட்கவில்லை. மூன்றாவது முறை கேட்க எனக்கு வாய் வரவில்லை. புரிந்த மாதிரி, "சேரீங்க அக்கா" என்றேன்.

அவர் என் கையை விட்டார். பிறகு டம்ளரை வைத்துவிட்டு, "வாரேன் கண்ணு" என்று உதட்டை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.