துளையில்லாத பை

ஜாவாவின் சிறு சந்தை ஒன்றில் துமினி பதினெட்டு வருடமாகத் தெம்பே என்ற புளித்த சோயா உணவை விற்கிறாள். வெந்த சோயாவில் பூஞ்சைத் தூளைக் கலந்து, பிளாஸ்டிக் பையில் அடைத்து, ஊசியால் துளையிட்டு வைத்தால் இரண்டு நாளில் வெள்ளைக் கட்டியாகிவிடும்.

"எதுக்கும்மா குத்துற?" என்று கேட்டாள் ஆறு வயது மகள் வெனிங்.

கேள்வி கேட்டால் அடி விழும் வீட்டில் வளர்ந்த துமினி அதை யாரிடமும் கேட்டதில்லை. "குத்தாம ஒண்ணு வெச்சுப் பாரு" என்று ஒரு பையைக் கொடுத்தாள்.

"சரக்கையும் கெடுக்கிற, பிள்ளையையும் கெடுக்கிற" என்றான் கணவன் வர்சீத்தோ.

மூன்றாம் நாள் அந்தப் பை மட்டும் கொழகொழத்து நாறியது.

"நான் சொல்லல? இனி ஒரு பையும் அவகிட்டப் போகக் கூடாது" என்றான் வர்சீத்தோ.

வெனிங் மூக்கைப் பொத்திக்கொண்டே, "இதுக்கு மூச்சு முட்டிருச்சும்மா! நூறு ஓட்டை போட்டா என்னாகும்?" என்றாள்.

துமினி கணவனைப் பார்க்கவில்லை. புதுப் பை ஒன்றையும் ஊசியையும் மகளிடம் நீட்டினாள்.

"குத்துடி, பாப்போம். எனக்கும் தெரியணும்."