முதுகில்லாத கூடைக்காரி

என் அம்மாவுக்குச் சிலை வைத்தார்கள். கேமரன் மலையில், தானா ராத்தா பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில், ஸ்ட்ராபெரி படம் போட்ட துண்டுகளுக்கும் சாவிக்கொத்துகளுக்கும் நடுவில், ஒரு சாண் உயரத்துக்கு வைத்தார்கள். நான்கு நிறச் சேலைகளில் கிடைத்தாள். கோலாலம்பூரிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் வரும்போதெல்லாம் ஒரு நிறம் வாங்கிப் போய், நாலும் சேர்ந்ததும் வீட்டு அலமாரியில் வரிசையாக நிறுத்துவார்களாம். அம்மா சேலை கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய் நான் பார்த்ததே இல்லை. அப்பாவின் பழைய சட்டை, கைலி, இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் படுதா, காலில் ரப்பர் பூட்ஸ். அந்தக் கோலத்தை எவன் அலமாரியில் வைப்பான்?

எழுபதுகளின் கடைசியில் நான் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தேன். மலைக்குப் போகும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. பிள்ளைகள் தூங்கும்போது படம் வரைவேன். ஒரு தமிழ் வார இதழ் என் சித்திரக்கதையை வாராவாரம் போட ஆரம்பித்தது. கதாநாயகியின் பெயர் கூடைக்காரி. கோலா தெர்லா மலைப்பாதை வளைவில் பள்ளத்தில் விழுந்த காய்கறி லோரியைக் கூடையில் போட்டுக்கொண்டு ஏறி வருவாள். மண் சரிந்தால் சரிந்த மண்ணை அள்ளிக் கூடையில் போட்டுக்கொள்வாள். ஒரு வாரம் தோட்டத்து மேலாளரான துரையின் காரைத் துரையோடு சேர்த்தே தூக்கினாள். அந்த வாரம் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் எனக்கு ஏக மரியாதை.

அந்த இதழின் தாளில் மை ஊறும். மூக்கும் வாயும் ஒன்றாகிப்போகும். முகத்தை நம்பி வரைந்தால் கூடைக்காரி யார், கங்காணி யார் என்றே தெரியாது. அதனால் அவளைப் பெரும்பாலும் முதுகுப் பக்கமிருந்தே வரைந்தேன். பெரிய கூடை, தாழ்ந்த வலது தோள். மை ஊறி உருவம் கறுத்துப்போனாலும் அவள்தான் என்று தெரிந்துவிடும். இதற்காக நான் ஒன்றும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. நிறைந்த கூடையோடு சரிவில் இறங்கும்போது அம்மா இடது கையால் செடிகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால் பாரம் முழுவதையும் வலது தோளில் மாட்டிக்கொள்வாள். வருஷக்கணக்கில் அப்படி இறங்கி இறங்கி, கூடை இல்லாதபோதும் அந்தத் தோள் மேலே வருவதில்லை. சின்ன வயதில் அவள் பின்னாலேயே நடந்து வளர்ந்தவள் நான். அவள் முகத்தைவிட முதுகுதான் எனக்கு அதிகப் பழக்கம்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. முதல் கதை வந்த இதழைக் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது நாந்தானே?" என்றாள். "தோளப் பாரேன், என்னயத்தான் போட்டுருக்கே."

அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த பெருமையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இதழை மடிக்காமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

தானா ராத்தா கடை முதலாளி இதழாசிரியருக்கு வேண்டியவர். கூடைக்காரியைப் பொம்மையாகச் செய்து விற்கிறேன் என்று கேட்டார், ஆசிரியரும் சரி என்றுவிட்டார். வரைந்தவளைக் கேட்கிற வழக்கம் அப்போது இல்லை. இப்போது மட்டும் இருக்கிறதா என்ன? ஆனால் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எனக்குச் செல செய்யிறாங்களாம்லா" என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

நான் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் களிமண்ணில் முதல் உருவம் நின்றது. இரண்டு தோளும் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கிற பிள்ளைக்கு இருப்பதுபோல நேராக இருந்தன. வாயில் சிரிப்பு வேறு.

"தோள் சாஞ்சிருக்கணுங்க" என்றேன்.

"சாஞ்சா கஸ்டமரு என்னா சொல்லுவான்? அச்சு கோணல்னு திருப்பிக் கொண்டாந்துருவான்லா" என்றார் முதலாளி.

"கோணல் இல்லீங்க. அவளே அப்படித்தான்."

"பேப்பர்ல எப்படி வேணும்னாலும் நிக்கலாம்மா. இது மேசையில நிக்கணும்."

கூடையைத் தேடினேன். தோளுக்கு மேலே விளிம்பு மட்டும் எட்டிப் பார்த்தது. பின்னால் திருப்பினால் கத்தியால் சீவிய மாதிரி மொட்டையாக இருந்தது. உருண்டையான கூடை வைத்தால் அச்சிலிருந்து கழன்று வராது, அச்சில் ஊற்றுகிற சுண்ணாம்பும் கூடுதலாக இழுக்கும் என்று விளக்கினார். "செவுத்துப் பக்கம்தானே நிக்கப்போவுது. யாரு பின்னால போய்ப் பாக்கப்போறா?" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. முன்பக்கமே இல்லாத ஒருத்தியைத்தான் நான் வரைந்திருந்தேன். இந்த மனிதர் அந்தப் பின்பக்கத்தை மட்டும் கவனமாக வெட்டி எடுத்திருந்தார். சிரிப்பையாவது எடுங்கள் என்றேன். "லீவுக்கு வர்றவன் மொறச்ச மூஞ்சியக் காசு குடுத்து வாங்குவானா?" என்று அவர் சிரித்தார். பொம்மையின் சிரிப்பும் அதே சிரிப்புதான்.

வீட்டுக்கு வந்து, "அது நீ இல்லம்மா, வேற எவளோ" என்றேன். அம்மா நம்பவில்லை. "ஒனக்கு எதுலயும் கொற சொல்லணும்" என்றாள். டவுனுக்குப் போய்ப் பார்க்கவும் மறுத்தாள். "தேடிப் போயி பாக்க நான் என்ன டூரிஸ்ட்டா? கொண்டாந்து குடுக்கட்டும்."

பொம்மை நன்றாக விற்றது. கொஞ்ச நாளில் ஆசிரியரிடமிருந்து ஆள் வந்தது. இனிமேல் கூடைக்காரியைப் பொம்மையில் இருப்பதுபோலவே வரைய வேண்டுமாம். நேரான தோள், சேலை, சிரிப்பு. வாசகர்களுக்குக் குழப்பம் வரக்கூடாதாம். நான் வரைவதை நிறுத்திவிட்டேன். வேறு யாரோ வரைந்தார்கள். அந்தச் சிரிக்கிற பெண் கூடையில் பூ சுமந்துகொண்டு இன்னும் சில காலம் இதழில் உலாவினாள்.

எண்பதுகளின் நடுவில் அம்மாவுக்கு வேலை ஓய்வு வந்தது. தோட்டத்து ஆபீஸ் வாசலில் சின்னதாய் ஒரு விருந்து. புதுத் துரை வண்ணக் காகிதம் சுற்றிய பெட்டி ஒன்றைக் கொடுத்துக் கைகுலுக்கினார். பிரித்தால் சிவப்புச் சேலைக் கூடைக்காரி. அம்மாதான் அது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கடையில் பார்த்தார், வாங்கினார்.

"தொரை சொல்றாரு, அம்மா மாதிரியே இருக்காம்" என்றார் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி.

அம்மா பொம்மையின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் திருப்பினாள். மொட்டைச் சுண்ணாம்பு முதுகில் கேமரன் மலையின் நினைவாக என்று ஆங்கிலத்தில் முத்திரை குத்தியிருந்தது. அவளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. உள்ளங்கையால் மேலும் கீழுமாகத் தடவினாள்.

"கூடையக் காணோமே" என்றாள் என்னிடம். "அப்ப இத்தன வருஷமா நான் தூக்குனது என்னாடி?"

 

அதற்குள் கிராணி கேமராவோடு வந்துவிட்டார். துரைக்குப் பக்கத்தில் அம்மாவை நிறுத்தி, பொம்மையை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். கேமராவில் கண்ணை வைத்தவர் படம் எடுக்காமல் நிமிர்ந்தார்.

"அம்மா, வலது பக்கம் தோள் எறங்கியிருக்கு. பொம்மை நிக்கிற மாதிரி கொஞ்சம் நேரா நில்லுங்கம்மா."

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தோளைத் தூக்கிப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர தோள் வரவில்லை.

"இதுக்கு மேல வராது தம்பி" என்றாள். "எடுத்துக்க."