ஐப்பசி மாதத் தண்டனை

நான் கல்லூரியில் படித்தபோது திருவள்ளூரில் இரண்டு கால்பந்துக் குழுக்களுக்குள் ஓயாத பகை. கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில் எங்கள் கோல்கீப்பர் வேண்டுமென்றே பந்தை உள்ளே விட்டான். தன் அரிசி மில்லில் வேலை தருவதாக எதிர்க்குழுவின் செயலாளர் அவனுக்கு ஆசை காட்டியிருந்தார். விஷயம் வெளியே வந்ததும் போட்டியை நடத்திய கமிட்டி கூடித் தீர்ப்புச் சொன்னது. கோல்கீப்பர் ஆயுளுக்கும் ஆடக்கூடாது. எதிர்க்குழு ஐப்பசி மாதம் மட்டும் ஆடக்கூடாது.

ஐப்பசியில் எங்கள் மைதானத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். தவளைகள்தான் ஆடும்.

நான் கமிட்டித் தலைவரிடம் போய்க் கத்தினேன். "இன்னா சார் நாயம் இது? ஆசப்பட்டவனுக்கு ஆயுசு பூரா, ஆச காட்னவங்களுக்கு மழை லீவா?"

"கோல் போஸ்ட்டே அவங்க வாங்கிக் குட்த்ததுபா. கொஞ்சம் பாத்துதான் நடந்துக்கணும்."

"அப்ப அந்தப் போஸ்ட்டுக்கும் ஒரு தடை போடு சார். அதுவுந்தான் பந்த உள்ள உட்டுகினு சும்மா நின்னுச்சு."

கெட்ட பெயர் எடுத்தவனுக்கு வேலை கிடையாது என்று மில்லும் கைவிரித்தது. தை மாதம் தரை காய்ந்ததும் எதிர்க்குழு ஜம்மென்று ஆட வந்தது. எங்கள் கோல்கீப்பர் கயிற்றுக்கு வெளியே நின்றான். தலைவர் மைக்கைப் பிடித்து, தண்டனையை ஒழுங்காக அனுபவித்த குழு என்று அவர்களைப் பாராட்டினார். கூட்டம் கை தட்டியது.